வைரஸ் காய்ச்சலில் காலுக்கு ரத்தம் நின்றால்: எந்த வழி, எந்த நேரத்தில்?

காய்ச்சல் வந்தால் உடம்பு வலிக்கும், கால் குடையும். கொரோனாவிலும் சரி, மற்ற வைரஸ் காய்ச்சல்களிலும் சரி, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு காலும் வலிப்பது வேறு. ஒரு கால் மட்டும் திடீரென்று வலித்து, வெளுத்து, சில்லிட்டுப்போவது வேறு. காலுக்குப் போகும் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் இப்படி ஆகும். அரிதாகத்தான் நடக்கிறது. நடந்துவிட்டால் குடும்பத்துக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம். மருந்து மட்டும் போதுமா, அறுத்துக் கட்டியை எடுப்பதா, குழாய் செலுத்திக் கரைப்பதா, இல்லை காலையே எடுத்துவிடுவதா? ஐசியு வாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம் யாராலும் படிக்க முடியாது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் மருத்துவர் பேசும்போது காதில் விழுவதாவது மனதில் நிற்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. தொட்டால் தெரிகிறதா, கால்விரல் அசைகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் வழியைத் தீர்மானிக்கிறது. வைரஸ் நோயாளிக்கு இன்னொன்றும் உண்டு: கட்டியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கவே கூடாது.

அதற்குக் காரணம் ரத்தம் உறையும் விதத்தில் இருக்கிறது. ரத்தம் நாளத்துக்குள் உறைவதற்கு மூன்று காரணங்களை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் இன்றும் பாடம் நடத்துகிறார்கள்: நாளத்தின் உட்சுவர் சேதமாவது, ஓட்டம் மந்தமாவது, ரத்தத்தின் தன்மையே உறையும் பக்கம் சாய்வது. கடுமையான கொரோனாவில் மூன்றும் ஒன்றுசேர்கின்றன. உட்சுவர் செல்கள் புண்ணாகின்றன. வெள்ளை அணுக்கள் தங்கள் மரபிழைகளையே வலைபோல் வெளியே வீசி, அதில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைச் சிக்கவைக்கின்றன. உறைவுக்கு இழையாகும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தின் அளவு ஏறுகிறது. நோயாளியோ அசையாமல் படுக்கையில் கிடக்கிறார். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கொரோனாவால் இறந்தவர்களின் நுரையீரல் நுண்குழாய்களில் இருந்த உறைவுகள், இன்ஃப்ளூயன்சாவால் இறந்தவர்களுடையதைப் போல ஒன்பது மடங்கு இருந்தன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காலில் ரத்தக்கட்டி என்று பலரும் கேள்விப்பட்டிருப்பது, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையில் வருவது. அதில் கால் வீங்கும், கனக்கும், தொட்டால் சூடாக இருக்கும். அதுதான் அதிகம் வருவது. பெரும்பாலும் மருந்திலேயே சரியாகும். இந்தக் கட்டுரை தமனி அடைப்பைப் பற்றியது. அதில் வீக்கம் இருக்காது. கால் வெளுக்கும், குளிரும், பாதத்தின் மேல் கைவைத்தால் நாடி தட்டாது. பிறகு மரமரப்பு வரும். கடைசியாக விரல்கள் அசையாமல் போகும். வலி குறைந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். நரம்பு செத்துக்கொண்டிருந்தாலும் வலி குறையும்.

மருத்துவர்கள் இதை ரூதர்ஃபோர்ட் என்பவரின் பெயரால் வழங்கும் ஒரு வகைப்பாட்டில் பிரிக்கிறார்கள். உணர்ச்சியும் அசைவும் முழுதாக இருந்தால் முதல் படி. விரல்களில் மட்டும் லேசாக உணர்ச்சி குறைந்து, அசைவு நன்றாக இருந்தால் இரண்டாம் படியின் முன்பாதி. உணர்ச்சிக் குறைவு விரல்களைத் தாண்டி மேலேறி, அசைவும் தளர்ந்தால் பின்பாதி. உணர்ச்சியும் அசைவும் அறவே போய், ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்தால் தமனி, சிரை இரண்டிலும் சத்தமே கேட்காவிட்டால் மூன்றாம் படி. இதை அறிய பெரிய ஸ்கேன் வேண்டாம். கையும் காதும் ஒரு சின்ன டாப்ளரும் போதும். அதனாலேயே இந்தப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன். சிறிய ஊர் மருத்துவமனையிலும் செய்யலாம்.

எந்தப் படியாக இருந்தாலும் முதலில் தொடங்குவது ஹெப்பாரின். நாளத்தில் ஒரு முழு டோஸ், பிறகு சொட்டு சொட்டாகத் தொடர்ச்சி. ரத்தத்தை இளக்கும் மருந்து என்று சொல்வதால், உள்ளே இருக்கும் கட்டியை அது கரைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கரைக்காது. கட்டி மேலும் வளராமல், புதிதாக உருவாகாமல் தடுக்கும். மற்றதை உடல் மெல்ல மெல்லப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஹெப்பாரினை மட்டும் நம்பியிருப்பது, காலுக்குப் பக்கவழிகளில் போதிய ரத்தம் வந்துகொண்டிருக்கும் முதல் படிக்குப் பொருந்தும். அல்லது எந்தக் குறுக்கீட்டையும் தாங்க முடியாத அளவுக்கு நோயாளி மோசமாக இருந்தால் வேறு வழியில்லாமல் தேர்ந்தெடுக்கப்படும். கொரோனாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான அளவு ஹெப்பாரின் கொடுத்தும் சிலருக்கு ரத்தப் பரிசோதனையில் எதிர்பார்த்த மாற்றம் தெரிவதில்லை. அதனால் அளவைப் பரிசோதித்துப் பரிசோதித்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

அடுத்தது அறுவை. இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் மாணவராக இருந்தபோதே தாமஸ் ஃபோகார்ட்டி, அறுவைக் கையுறையின் விரல்நுனியை வெட்டி ஒரு மெல்லிய குழாயின் முனையில் கட்டினார். தூண்டிலில் போலிப்பூச்சி கட்டிப் பழகிய கை அவருடையது. அந்தச் சின்ன பலூன் 1960களின் தொடக்கத்தில் தமனி அறுவையையே மாற்றியது. அதற்கு முன் தமனியை நீளமாகத் திறந்து கட்டியைத் தேட வேண்டியிருந்தது. இன்று தொடையிடுக்கில் ஒரு வெட்டு, தமனியில் ஒரு சிறு திறப்பு. பலூனைச் சுருங்கிய நிலையில் கட்டியைத் தாண்டி உள்ளே செலுத்தி, ஊதி, மெல்ல இழுத்தால் கட்டி வெளியே வரும். ரத்தம் உடனே பாயும்.

நுரையீரல் பழுதான நோயாளிக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. தொடையிடுக்கை மட்டும் மரக்கச் செய்து, முழு மயக்கம் இல்லாமலே இதைப் பெரும்பாலும் முடித்துவிடலாம். ஆக்சிஜன் முகமூடியோடு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டரில் போடுவது என்றால் குடும்பம் பதறும், பதறுவதில் நியாயமும் இருக்கிறது. எனவே அறுவை என்று கேட்டதும் மறுத்துவிடாமல், முழு மயக்கம் வேண்டுமா, இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதுமா என்று கேளுங்கள்.

குறைகளும் உண்டு. பலூன் போகாத இடம் இருக்கிறது. பாதத்தின் மெல்லிய தமனிகளில் உறைந்ததை அதனால் எடுக்க முடியாது. இதயத் துடிப்புக் கோளாறால் ஒரு கட்டி பறந்து வந்து காலில் சிக்கிய வழக்கமான நோயாளிக்கு, அதை இழுத்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். வைரஸ் நோயாளிக்கோ ரத்தமே உறையும் வெறியில் இருக்கிறது. வாய்க்காலைத் தூர்வாரிவிட்டு சரிகிற கரையை அப்படியே விட்டால் மறுநாளே அடைத்துக்கொள்ளும் அல்லவா, அதே நிலைதான்.

இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து வந்த பதிவு இதைத்தான் காட்டியது. 2020 ஜனவரி முதல் மார்ச் வரை, கொரோனா நிமோனியாவோடு கை அல்லது காலுக்கு ரத்தம் நின்றுபோன 20 பேர். சராசரி வயது 75. அவர்களில் 17 பேருக்கு ரத்த ஓட்டத்தை மீட்கச் சிகிச்சை நடந்தது; 12 பேருக்கு வெற்றி. அனுபவமுள்ள ரத்தநாள அறுவை மருத்துவர்கள் எதிர்பார்ப்பதைவிட இது குறைவு. 8 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். ஆனால் அதே பதிவில் நம்பிக்கை தரும் ஒரு தகவலும் உண்டு. அறுவைக்குப் பின் ஹெப்பாரினைத் தொடர்ச்சியாகப் பெற்றவர்களில் ஒருவருக்கும் மறுபடி அறுவை தேவைப்படவில்லை. 20 பேரை வைத்துப் பெரிய முடிவுகளுக்கு வரக்கூடாதுதான். இருந்தாலும் எனக்கு இந்த வரி மிக முக்கியமாகப் படுகிறது. அறுவை நல்லபடியாக முடிந்தது என்று சொல்லப்படும்போது, இன்று இரவு ஹெப்பாரின் ஓடுகிறதா என்பதுதான் குடும்பம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

மூன்றாவது வழி, குழாய் வழியே கரைப்பது. ஆஞ்சியோ செய்வதுபோல் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் முனையைக் கட்டிக்குள்ளேயே வைத்து, அல்டெப்ளேஸ் அல்லது யூரோகைனேஸ் போன்ற மருந்தைச் சிறுகச் சிறுகச் சொட்டவிடுவார்கள். இது உண்மையிலேயே கரைக்கும். பலூன் எட்டாத சின்ன நாளங்களுக்கும் போகும். பெரிய வெட்டு இல்லை. ஆனால் பெரும்பாலும் ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் ஆகும். அத்தனை நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய காலுக்குத்தான் இது சரி. அதாவது முதல் படிக்கும் இரண்டின் முன்பாதிக்கும். விரல் அசைவு தளர்ந்துவிட்டால் ஒரு நாள் காத்திருக்க முடியாது.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1998இல் வெளியானது. 544 பேரில் ஒரு பாதிக்கு யூரோகைனேஸ், மறுபாதிக்கு அறுவை. ஆறு மாதம் கழித்து, காலை இழக்காமல் உயிரோடு இருந்தவர்கள் கரைப்பு மருந்து பெற்றவர்களில் 71.8 சதவீதம், அறுவை செய்துகொண்டவர்களில் 74.8 சதவீதம். ஏறக்குறைய சமம். வித்தியாசம் ரத்தக்கசிவில்தான்: பெரும் ரத்தக்கசிவு முதல் குழுவில் 12.5 சதவீதம், இரண்டாவதில் 5.5. முதல் குழுவில் நான்கு பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்தது. இது வைரஸ் நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு அல்ல. வைரஸ் நோயாளிக்கு அந்த ரத்தக்கசிவு ஆபத்து குறையும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. மேலும், மல்லாந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூச்சுக்காகக் குப்புறப் படுக்க வைத்திருப்பவரை எப்படி அப்படி வைத்திருப்பது? படம் பார்க்கச் செலுத்தும் சாயம் ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்தை இன்னும் வருத்தும். அண்மையில் பக்கவாதம் வந்தவர், பெரிய அறுவை செய்துகொண்டவர், எங்காவது ரத்தம் கசிபவர் ஆகியோருக்குப் பொதுவாக இந்த வழி கிடையாது.

ஆகவே மூச்சுக்குப் பெரிதாகத் தொல்லை இல்லாத, ரத்தக்கசிவு ஆபத்து குறைந்த, கால் இன்னும் உணர்வோடு இருக்கிற ஒருவருக்கு, அதிலும் முழங்காலுக்குக் கீழே சின்னத் தமனிகள் அடைத்திருந்தால், கரைப்பது நல்ல வழி. ஐசியுவில் கிடக்கும், கால் தளர ஆரம்பித்துவிட்ட நோயாளிக்கு என் ஓட்டு பலூனுக்கே. உறிஞ்சி எடுக்கும் கருவிகளும் இப்போது பெரிய நகரங்களில் இருக்கின்றன. கரைப்பு மருந்தின் அளவையும் நேரத்தையும் அவை குறைக்கின்றன. செலவு கூடும்.

ரத்தம் திரும்பிய பின்னும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. பல மணி நேரம் பட்டினி கிடந்த தசை, ரத்தம் பாய்ந்ததும் வீங்கும். கெண்டைக்கால் தசைகள் இறுகிய உறைகளுக்குள் இருப்பதால் வீங்க இடமில்லாமல் உள்ளேயே நசுங்கும். சேதமான தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி இதயத்தைத் தாக்கும். தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் தேநீர் நிறமாகும். ஆறு மணி நேரத்துக்கு மேல் அடைத்திருந்த காலென்றால், கெண்டைக்காலின் இருபுறமும் நீளமாகக் கீறி உறைகளைத் திறந்து விடுவார்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். வீட்டார் பலர் இதைப் பார்த்து அறுவை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் காலைக் காப்பாற்றத்தான் அந்தக் கீறல். வீக்கம் வடிந்ததும் தைப்பார்கள், அல்லது தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள்.

நான்காவது வழியைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. கனடாவில் பிறந்து பிராட்வே மேடையில் பெயர் பெற்ற நடிகர் நிக் கார்டேரோவுக்கு 2020இல் நடந்ததை உலகமே பார்த்தது. லாஸ் ஏஞ்சலஸில் கொரோனாவோடு போராடியவருக்கு, ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ இயந்திரம் தேவைப்பட்டது. வலது காலில் ரத்தம் உறைந்தது. உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் குடலில் ரத்தம் கசிந்தது. நிறுத்தினால் கால் போகும். மருந்தை நிறுத்தினார்கள். ஏப்ரல் 18 அன்று கால் எடுக்கப்பட்டது. ஜூலை 5 அன்று, 41 வயதில், அவர் இறந்தார். அவருடைய மனைவி இந்த முடிவுகளை அன்றன்று வெளிப்படையாகச் சொல்லிவந்தார். காலை எடுத்தும் உயிர் மிஞ்சவில்லையே என்று இதைப் படிப்பவர்கள் நினைக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கையில் இருந்த இரண்டு ஆபத்துகளில் உடனே கொல்லக்கூடியது ரத்தக்கசிவுதான். காலை விட்டுக்கொடுத்து அவருக்குப் பல வாரங்கள் வாங்கித் தந்தார்கள்.

மூன்றாம் படிக்குப் போய்விட்ட காலில் ரத்தத்தைத் திருப்பிவிடுவது தீங்கு. செத்த தசையின் விஷமெல்லாம் ஒரே நேரத்தில் உடலுக்குள் பாயும். பெரியவர் இருக்கிறார், முயற்சி செய்து பாருங்கள் என்று மருத்துவரை வற்புறுத்தும்போது, உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறோம் என்பதை நாம் உணர்வதில்லை. அங்கே கேட்க வேண்டியது, முட்டியைக் காப்பாற்ற முடியுமா என்பது. முட்டிக்குக் கீழே எடுத்தால் செயற்கைக் காலில் நடப்பதற்கு ஆகும் உழைப்பு வெகுவாகக் குறையும். 1960களின் இறுதியில் உருவான ஜெய்ப்பூர் கால், இந்தியாவில் இலவசமாகவே பலருக்குக் கிடைக்கிறது.

கறுத்த விரல் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஐசியுவில் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கக் கொடுக்கும் மருந்துகளாலும், நுண்குழாய்கள் உறைவதாலும், பாதத்தில் நாடி நன்றாகத் தட்டும்போதே விரல்நுனிகள் கறுக்கும். பலூனுக்கு அங்கே வேலையில்லை. கறுப்பு உலர்ந்து, தொற்று இல்லாமல் இருந்தால் அவசரப்படாமல் வாரக்கணக்கில் காத்திருப்பதே மேல். செத்த பகுதிக்கும் பிழைத்த பகுதிக்கும் நடுவே கோடு தெளிவாகும். முதலில் நினைத்ததைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டியிருக்கும்.

குழந்தைகளிடம் சின்னம்மைக்குப் பின் மிக அரிதாக வரும் ஒன்றும் இதே இனம். அம்மை வற்றும் நேரத்தில், கொப்புளம் வந்து ஒன்றிரண்டு வாரத்தில், தொடையிலோ கெண்டைக்காலிலோ ஊதா நிறத் திட்டு தோன்றி மணிக்கு மணி பரவும். வைரஸை எதிர்க்க உடல் செய்த எதிர்ப்பொருள், ரத்தம் உறையாமல் காக்கும் புரதம் எஸ் என்பதைத் தாக்கிவிடுவதே காரணம். பிளாஸ்மாவும் ஹெப்பாரினும் முதல் சிகிச்சை. தோல் செத்த இடத்துக்குப் பிறகு அறுவையும் ஒட்டும். நம் ஊரில் அம்மை கண்ட பிள்ளையை வேப்பிலையோடு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். மிகப் பெரும்பாலான பிள்ளைகள் தானாகவே குணமாகிவிடுவார்கள். ஊதாத் திட்டைக் கண்டால் மட்டும் தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஹெப்பாரினே ஆபத்தாகும் இடமும் உண்டு. தட்டணுக்கள் குறைந்துகொண்டே போக, அதே சமயம் கட்டியும் புதிதாக உருவானால், ஹெப்பாரினால் தூண்டப்பட்டு உடல் எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கியிருக்கலாம். அடினோவைரஸ் தொற்றுக்குப் பின் இதைப் போன்ற எதிர்ப்பொருள் உண்டானவர்களைப் பற்றி 2023இல் பதிவு வந்தது. அப்போது ஹெப்பாரினை நிறுத்தி, அர்கட்ரோபன் போன்ற வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும். டெங்குவில் தட்டணு குறைவது நமக்குப் பழகிய செய்தி என்பதால், தட்டணு குறைந்தாலே ரத்தம் கசியும், உறையாது என்று நினைக்கிறோம். இந்த நோயில் இரண்டும் ஒன்றாக நடக்கும்.

கடைசியாக இடம். ரத்தநாள அறுவை மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. பெரிய அரசு மருத்துவமனைகளிலும் நகரத்துத் தனியார் மருத்துவமனைகளிலும்தான் இருப்பார்கள். பலூன் போடத் தெரிந்த பொது அறுவை மருத்துவர் பக்கத்திலேயே இருந்தால், இரண்டாம் படியின் பின்பாதிக் காலுக்கு அவரே போதும். நான்கு மணி நேரம் பயணம் செய்து நிபுணரிடம் போவதைவிட அது மேல். இல்லையென்றால் எங்கே அனுப்பினாலும், முதல் டோஸ் ஹெப்பாரினைக் கொடுத்துவிட்டு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கொடுத்த நேரத்தையும் கால் சில்லிட்ட நேரத்தையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். 108 வண்டி கிளம்புவதற்கு முன்பே போகிற இடத்துக்குப் பேசச் சொல்லுங்கள். வண்டியில் காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம், தேய்த்துவிடவும் வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோல் எளிதில் வெந்துபோகும். காலைத் தலையணை மேல் தூக்கி வைக்காமல் உடம்பின் மட்டத்துக்கு வையுங்கள்.

வீடு திரும்பும்போது உறைவைத் தடுக்கும் மாத்திரை பொதுவாகச் சில மாதங்களுக்குத் தொடரும். இதயத் துடிப்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை நிறுத்துவதைப் பற்றிப் பேச வேண்டும். காய்ச்சல்தான் போய்விட்டதே என்று நாமாக நிறுத்தக்கூடாது. பாதத்தில் நாடி பார்க்க வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ளுங்கள். அறுவை செய்த மருத்துவரே இரண்டு நிமிடத்தில் சொல்லித் தருவார். அது தட்டாமல் போனால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்காமல் அந்த மணியிலேயே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.